பத்து விரல் திரை

என்ன, எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? ஐப்பசி அடைமழையில் சளி, இருமல் ஒன்றும் இல்லையே? மூட்டுவலிக்காரர்கள் வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள். உடம்பு நன்றாக இருந்தால்தான் கதை கேட்கவும் மனசு ஓடும். சரி, வசதியாக உட்காருங்கள். ஆலடிப்பேரி என்கிற ஊரில் குளத்துக்கு டச் ஸ்கிரீன் வாங்கிய கதை இது. இன்னும் கொஞ்ச வருஷம் தள்ளி நடக்கப்போவது. ஆனாலும் நடந்து முடிந்த மாதிரிதான் சொல்லவேண்டும். அப்போதுதான் ருசி.

ஆலடிப்பேரி பஸ் ஸ்டாப்பை ஒட்டி செண்பகத்தின் கடை. மிக்ஸி, மோட்டார் ஸ்டார்ட்டர், போன், எது பழுதானாலும் அவளிடம்தான் வரும். பாலிடெக்னிக் படித்தவள். வயது நாற்பதை நெருங்குகிறது. ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டால் முடிக்காமல் கீழே வைக்க மாட்டாள். அந்த வருஷம் அவள் கையில் எடுத்தது குளத்து மடைக்கான பெட்டி.

பழைய பெட்டி இடி விழுந்து கருகிப் போயிருந்தது. புதுப் பெட்டியைச் செண்பகமே செய்தாள். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு, மேலே மழை எவ்வளவு, கரை எந்த இடத்தில் ஊறிப்போய் இருக்கிறது என்று அதுவே பார்த்து, "இப்போது மடையைத் திறக்க வேண்டும்" என்று சொல்லிவிடும். சொல்லத்தான் முடியும். திறக்க அதற்கு அதிகாரம் கிடையாது. அதற்கு ஒரு மனிதனின் விரல் வேண்டும்.

அதுதான் விரல் சட்டம். எங்கேயோ ஓர் அணைக்கட்டில் இயந்திரம் தானாகவே கதவைத் திறந்து, கீழே இருந்த ஊரே போய்விட்டது. யார் செய்தது என்று கேட்டால், எல்லோரும் இயந்திரத்தைக் கைகாட்டினார்கள். அதன்பிறகு வந்த சட்டம். மனித உயிருக்கு ஆபத்து வரக்கூடிய எந்தக் காரியத்தையும் இயந்திரம் தனியாகச் செய்யக்கூடாது. ஒரு மனிதன் அதன் திரைமேல் விரல் வைத்திருக்க வேண்டும். காரியம் முடியும் வரைக்கும் வைத்திருக்க வேண்டும். விரலை எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில், ரயில்வே கேட்டில், துறைமுகத்துக் கிரேனில், எங்கே பார்த்தாலும் இதுதான் நடைமுறை. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த விரலுக்குச் சொந்தக்காரன் பிறகு எப்படித் தூங்குவான் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

செண்பகத்தின் அண்ணன் நம்பிராசன்தான் முன்பு அந்தக் குளத்தின் மடைக்காரர். போன பெருவெள்ளத்தில் பழைய பெட்டியின் திரைமேல் விரல் வைத்தவர் அவர். மடையைத் திறக்காவிட்டால் தெற்குக் கரை உடைந்து, கீழே இருக்கிற புதுக்குடியிருப்பு முழுக்கப் போய்விடும். திறந்தால் தண்ணீர் வடக்கே ஓடையில் இறங்கி வாழைத் தோட்டத்தையும் செங்கல் சூளையையும் அடித்துக்கொண்டு போகும். சூளை காலியாகிவிட்டது என்று சொன்னார்கள். நம்பிராசன் விரலை வைத்தார். ஷட்டர் ஏறிய பிறகுதான் சூளை மேட்டில் காவல்காரர் தங்கையா நிற்பது தெரிந்தது. துண்டை எடுத்து ஆட்டினார். விரலை எடுத்தால் ஷட்டர் நிற்கும், கரை உடையும். நம்பிராசன் எடுக்கவில்லை. புதுக்குடியிருப்பு பிழைத்தது. அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த தங்கையா பிழைக்கவில்லை.

யாரும் அவரைக் கைநீட்டித் திட்டவில்லை. அதுதான் கொடுமை. கல்யாண வீட்டில் பந்தக்கால் நட அவரைக் கூப்பிடுவது நின்றது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மடைக்காரர் வேலையை அவரே விட்டுவிட்டு, தங்கையின் கடையில் வந்து உட்கார்ந்தார். வலது கையால் சோற்றைத் தொடுவதில்லை. இடது கையில் ஸ்பூன் வைத்து ஆஸ்பத்திரி நோயாளிபோலச் சாப்பிட்டார். ஸ்க்ரூ டிரைவரும் இடது கையில்தான். பாதி ஸ்க்ரூ கீழே உருண்டு ஓடும்.

"ஏண்ணே, வலது கையால முடுக்குனா என்ன?" என்று செண்பகம் ஒரு தடவை கேட்டுவிட்டாள்.

"அந்தக் கை ஏற்கெனவே வேலை பாத்திருச்சு," என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆனால் இன்னொரு மனிதனை அந்தப் பெட்டி இப்படி ஆக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

குளத்துச் சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்து, பெட்டி தயார், டச் ஸ்கிரீன் மட்டும்தான் பாக்கி என்று சொன்னாள். சங்கத் தலைவர் ஆறுமுகநயினார். ஓடையை ஒட்டிய வாழைத் தோட்டம் அவருடையது. ஊரே அவரை நயினார் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

"இதுக்கு எதுக்குத் தாயி கூட்டம்? பழைய பெட்டியில இருந்த மாதிரி அழுத்துற ஸ்கிரீனே போட்டுரு," என்றார் அவர்.

"அதுக்கு ஒரு நேரத்துல ஒரு வெரல்தான் தெரியும் அண்ணாச்சி. ரெண்டு பேரு சேந்து வச்சா கொழம்பிரும்."

"சட்டமே ஒண்ணு போதும்னுதான சொல்லுது?"

"சட்டத்துக்குப் போதும்."

நயினார் குரலைத் தணித்தார். "நான் ஏன் சொல்லுதேன்னா, அழுத்துற ஸ்கிரீனுக்கு வெரல்தான் வேணும்னு இல்ல பாத்துக்கோ. ஒரு கல்லத் தூக்கி மேல வச்சிட்டு வீட்டுக்கு வந்துரலாம். கல்லுக்கு என்ன பாவமா, புண்ணியமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கல்ல வச்சிட்டு வந்துட்டா, ஓடையில ஆளு நிக்கதப் பாத்து யாரு அண்ணாச்சி எடுப்பா?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. பேசியது ஜெபக்கனி. தங்கையாவின் மனைவி.

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, கல்லு வேண்டாம். டவுன்ல இப்பம் வெரல்கூலிக்கு ஆளு கெடைக்கு. கூப்பிட்டா வந்து வெரல வச்சிட்டுக் கூலி வாங்கிட்டுப் போயிருவான். இந்த ஊருக்காரனே கெடையாது, அவனுக்கு என்ன மனவருத்தம்?"

"அவன் அவன் ஊருல போயி எந்தக் கையால சாப்பிடுவான்?" என்றாள் செண்பகம். அவளே தொடர்ந்தாள். "கண்ணாடி டச் ஸ்கிரீன் இருக்கு. போன்ல இருக்கே, அது மாதிரி பெருசு. அதுக்கு ஒரே நேரத்துல பத்து வெரல் தெரியும். நம்ம ஊருல புதுக்குடியிருப்பையும் சேத்துப் பத்துத் தெரு. தெருவுக்கு ஒரு வெரல். பத்தும் மேல இருந்தாத்தான் ஷட்டர் ஏறணும்."

"எங்க தெருவுக்கு யாரு?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நல்லாருக்கே! எந் தோட்டத்த நானே முக்கவா?"

"முங்கப்போறது ஒங்க தோட்டம். நீங்க பாக்காம வேற யாரு பாக்கணும்?"

"எங்க தெருவுக்கு நான்," என்றாள் ஜெபக்கனி. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் சொன்னாள். அவள் சொன்ன பிறகு மற்றவர்கள் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கடைசியில் நயினாரும் ஆட்டினார். ஆனால் பல்லுக்கு நடுவே ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சந்துக்குள் ரகமத்துல்லா கடை. போர்டு, வயர், டிஸ்ப்ளே என்று கூரை வரைக்கும் அடுக்கியிருப்பார். செண்பகம் விஷயத்தைச் சொன்னதும் ஐந்தாறு திரைகளை மேசைமேல் விரித்துவிட்டார்.

"இது அழுத்துறது. மழையில நனைஞ்சாலும், கையில உறை போட்டிருந்தாலும், குச்சியால குத்துனாலும் வேலை செய்யும். கல்லு மாதிரி ஒழைக்கும்."

"கல்லுதான் பாய் பிரச்சினை. கண்ணாடியக் காட்டுங்க."

"கண்ணாடி, ஒடம்புல இருக்க மின்சாரத்தப் பாத்து வேலை செய்யுறது. உசுருள்ள வெரல் வேணும். ஆனா ஈரத்தக் கண்டா சில நேரம் ஏமாந்துரும். மழைத் தண்ணி சொட்டுனா, யாரோ தொடுதாங்கன்னு நெனச்சுக்கும்."

"மேல தகரக் கூரை போட்டுருவேன். இன்னொண்ணு பாய். எங்க ஆளுங்க வெரலு மண்வெட்டி புடிச்சுக் காய்ச்சுப்போன வெரலு. அதுவும் தெரியணும்."

"அப்ப உணர்ச்சியக் கூட்டி வைக்கணும். கூட்டுனா ஏமாறதும் கூடும். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் ஆசப்படணும்." இரண்டு கண்ணாடித் திரைகளை மட்டும் முன்னால் தள்ளினார். பார்க்க இரட்டைப்பிள்ளை மாதிரி ஒன்றுபோல இருந்தன. "இந்தா, இது பத்து வெரலு தெரியுற ஜாதி. வச்சுப் பாருங்க."

செண்பகம் பத்து விரலையும் விரித்து வைத்தாள். ஒவ்வொரு விரலடியிலும் ஒரு வட்டம் எழுந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் எண்.

"எந்த வெரல் எப்பம் வந்துச்சு, எப்பம் போச்சு, தனித்தனியா பேரெடுத்து ஞாபகம் வச்சிருக்கும். போலீசுல சேத்தா இன்ஸ்பெக்டர் ஆயிரும்," என்று சிரித்தார் ரகமத்துல்லா.

செண்பகம் சிரிக்கவில்லை. ஏழு என்று எழுதிய வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள். வட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அது என்ன பாய், பக்கத்துல இருக்கது?"

"அது கொஞ்சம் மறதிக்காரப் பய. அஞ்சுதான் தெரியும். அதுக்கு மேல வந்தா யாரு முன்னால யாரு பின்னாலன்னு கொழப்பிக்கும். ஒங்க வேலைக்குச் சரிவராது."

செண்பகம் இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். ரகமத்துல்லா ஒரு டீ குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்தாள். பிறகு ஒன்றைக் காட்டி, "இதக் கட்டுங்க பாய்," என்றாள்.

பெட்டியை மடைக்கு மேலே, கரையில் தூண் நட்டுப் பொருத்தினார்கள். மேலே தகரக் கூரை. திரையில் எண்ணும் கிடையாது, வட்டமும் கிடையாது. வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும்தான். சோதனைக்குப் பத்துப் பேரையும் வரச்சொன்னாள்.

"எல்லாரும் வச்ச பொறவு கொஞ்சம் பொறுக்கணும். பெட்டி சரிபாத்துட்டுத்தான் சங்கு ஊதும். சங்கு ஊதுன பொறவு ஷட்டர் ஏறும். நான் சொல்லுத வரைக்கும் யாரும் எடுக்கக்கூடாது."

பத்துக் கைகள் ஒரு தட்டு அளவுக் கண்ணாடிக்குள் முட்டி மோதின. "ஏ, எம் மோதிரத்த மிதிக்காதீரும்!" என்றார் ஒருவர். "கையில என்னவே, மீன் நாத்தம்?" என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது, ஷட்டர் முனகிக்கொண்டு ஏறியது. நம்பிராசன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. அவர் தெருவுக்கு விரல் வைத்தது வாத்தியார் ஒருவர்.

கார்த்திகை கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்தால் குளம் தாங்கும். இது விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் பெட்டியிலிருந்து எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்தது. தெற்குக் கரை ஊறிவிட்டது, மடையைத் திறக்க வேண்டும்.

இந்தத் தடவை செண்பகம் முதலில் செய்தது ஓடைக்கு ஆள் அனுப்பியதுதான். சூளையில் ஒருத்தரும் இல்லை என்று இரண்டு பேர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஓடைக்கு அந்தப்புறம் ஆட்டுக்கிடை போட்டிருந்த குடும்பம் மேட்டுக்கு ஏறிவிட்டது. ஆடுகளில் பாதி மட்டும்தான் ஏறின. மீதி, மழையில் மிரண்டு, பட்டிக்குள்ளேயே சுருண்டுகொண்டன. அவற்றை இழுக்க இனி நேரமில்லை.

கரையில் ஒவ்வொருவராக ஓடிவந்து விரல் வைத்தார்கள். நயினார் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவருடைய வாழைத்தோட்டம் அப்படியே தெரிகிறது. தார் தள்ளி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த வாழை. பார்த்துக்கொண்டேதான் விரலை வைத்தார். "ஏ செண்பகம், நல்லா எனக்குன்னு எடம் பாத்து வச்ச தாயி," என்றார்.

"ஒம்போதுதான் இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். "வாத்தியாரக் காணோம்!"

வாத்தியார் வருகிற பாதையில் மரம் விழுந்து கிடந்தது. தெற்குக் கரையில் ஒரு துண்டு மண் சரிந்து விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கரைக்குக் கீழே புதுக்குடியிருப்பின் கூரைகள். ஜெபக்கனியின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"வாத்தியார் தெருவுல வேற ஆளு இல்லையா?" என்றாள் ஜெபக்கனி.

வேறு ஆள் இருந்தார். கூட்டத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில், வலது கையை இடது கக்கத்தில் திணித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகம் மட்டும் பார்க்கவில்லை. அவள் கண் ஷட்டரிலேயே இருந்தது.

ஜெபக்கனி திரும்பாமலே சத்தமாகச் சொன்னாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க தனியா வச்சீங்க. இன்னைக்கு ஒம்போது பேரு நிக்கோம். வாங்க." தன் விரலைக் கண்ணாடிமேல் கொஞ்சம் நகர்த்தினாள். "இங்கன வையுங்க. எம் பக்கத்துல."

நம்பிராசன் வந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தலைகளுக்கு நடுவே வலது கை நீண்டது. விரல் கண்ணாடியில் பட்டதோ, படப்போனதோ, அதற்குள் சங்கு ஊதிவிட்டது. பத்துப் பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். ஷட்டர் ஏறியது. தண்ணீர் ஓடைக்குள் கொட்டுகிற இரைச்சலில் அதன்பிறகு பேசினாலும் கேட்கவில்லை.

நெடுநேரம் நின்றார்கள். சாரலில் விரல்கள் வழுக்கின. ஒருவருக்குத் தும்மல் வந்தது, ஒருவருக்குக் கால் மரத்தது. யாருடைய விரலாவது நழுவினால் பக்கத்துக் கை வந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. வாழைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நயினார் ஒவ்வொரு வரிசைக்கும் "சரி", "சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டிக்குள் இருந்த ஆடுகள் போயின. அதையும் பத்துப் பேரும் பார்த்தார்கள். யாரும் விரலை எடுக்கவில்லை. தெற்குக் கரை நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு ஆட்டுக்காரர் டீக்கடைக்கு வந்து கத்தினார். "எவன்வே வெரல் வச்சவன்? எவன்னு சொல்லுங்க, அவன் கண்ணப் பாத்து நான் கேக்கணும்!"

நயினார் முதலில் எழுந்தார். அப்புறம் வாத்தியார் தவிர ஒவ்வொருவராக எழுந்தார்கள். தெருவிலிருந்து ஜெபக்கனியும் வந்து நின்றாள். கடைசியாக மூலையிலிருந்து நம்பிராசன் எழுந்தார். ஆட்டுக்காரர் பத்து முகத்தையும் பார்த்தார். யாரைப் பார்த்துத் திட்டுவது? திட்டத் திட்ட, அது ஒருவர்மேலும் போய் உட்காரவில்லை. கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நம்பிராசன்தான் டீ வாங்கிக் கொடுத்தார். பத்துத் தெருவும் சேர்ந்து அவருக்குக் குட்டிகள் வாங்கித் தந்ததெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த டீயை அவர் நம்பிராசன் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். அது போதும்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் செண்பகமும் நினைத்தாள். அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை என்றால் ஊரில் எதையாவது விட்டுவைப்பார்களா? டிராக்டர், பம்புசெட், தையல் மிஷின், ஜெபக்கனி புதிதாக வாங்கிய கிரைண்டர்கூட. அவள் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரிகள் விடவில்லை, ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஊரைக் காப்பாற்றிய குளத்துப் பெட்டியை மட்டும் விட்டுவிட முடியுமா? நயினார் தலைமையில் கரைக்குப் போனார்கள். பெட்டியைத் துடைத்து மாலை போட்டு, பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து, கண்ணாடித் திரையின் நாலு மூலையிலும் நடுவிலும் கட்டைவிரல் அகலத்துக்கு நயினார் அப்பினார். சந்தனத்துக்கு மேல் குங்குமம். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

கண்ணைத் திறந்து பார்த்தால் ஷட்டர் ஏறுகிறது! ஒருத்தர் கையும் பெட்டிமேல் இல்லை.

"யம்மாடி! யாரு வெரல் வச்சா?"

"சாமி வச்சிருக்குவே! சாமியே வந்து வச்சிருக்கு!" நயினார் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார். ஒரு அம்மாள் குலவையிட்டாள். குளத்துத் தண்ணீர் கண்மண் தெரியாமல் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

செண்பகம் மட்டும் வெளிறிப்போய் நின்றாள். காய்ச்சுப்போன விரலும் தெரியட்டும் என்று உணர்ச்சியைக் கூட்டி வைத்தவள் அவள்தானே? ஈரச் சந்தனத்தை விரல் என்று நினைத்துக்கொண்டது திரை. அது பெரிய விஷயமில்லை, குறைத்து வைத்துவிடலாம். பொட்டை யாராவது எண்ணிப் பார்த்தால் என்ன சொல்வது?

நம்பிராசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். திரையைப் பார்த்தார். ஒவ்வொரு மூலையாகக் கண் போனது, கடைசியில் நடுவுக்கு வந்தது. தங்கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வலது கை ஆள்காட்டி விரலால் நடுப்பொட்டை மட்டும் ஒரே இழுப்பில் வழித்து எடுத்தார். ஷட்டர் நின்றது.

"என்னவே, சாமி பொட்ட அழிச்சிட்டீரு?" என்றார் நயினார்.

"நெத்தியில வச்சுக்கிட்டேன் அண்ணாச்சி," என்று சொல்லி, அந்தச் சந்தனத்தைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார் நம்பிராசன். "சாமி வெரல எடுத்துருச்சு. பொரிகடலையக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பொரிகடலைப் பாத்திரத்தைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. அண்ணனும் தங்கையும் கரையில் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ஏட்டி, பொட்டு அஞ்சுதான்."

"ம்."

"அந்த ஸ்கிரீனுக்கு எத்தன வெரல் தெரியும்?"

"அஞ்சு."

நம்பிராசன் நின்றுவிட்டார். "அப்பம் அன்னைக்கு நான் வைக்கதுக்கு முன்னாலயே..."

"அஞ்சாவது வெரல் விழுந்ததுமே பெட்டி சரிபாக்க ஆரம்பிச்சிருச்சு, நீ வைக்காட்டாலும் சங்கு ஊதியிருக்கும். அஞ்சு வெரல் இருந்தாப் போதும் அதுக்கு. பத்து தெரியுற ஸ்கிரீனும் கடையில இருந்துச்சுண்ணே. தொட்டுப் பாத்தேன். எது யாரு வெரல், எப்பம் வந்துச்சு, எப்பம் போச்சுன்னு எல்லாம் சொல்லுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஏழாவது வெரலு யாருதுன்னு தேடிக்கிட்டு வருவாங்க. அதான் மறதிக்காரன வாங்கியாந்தேன்."

"மொதல்ல வச்ச அஞ்சு பேருதுதான் கணக்குல வரும்?"

"வழுக்குச்சுல்லா? ஒண்ணு நழுவுனா அது பக்கத்துல கெடக்க இன்னொண்ண எடுத்துக்கும். எந்த நேரத்துல எந்த அஞ்சுன்னு அதுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"என்னோடது?"

"தெரியாதுண்ணே. கடைசி வரைக்கும் கணக்குல வராமலே இருந்திருக்கலாம். நீ அப்படி நெனச்சுக்கிட்டா ஒனக்கு நிம்மதின்னா நெனச்சுக்கோ. அதுக்காகத்தான்..."

நம்பிராசன் ஓடைப்பக்கம் பார்த்தார். நயினார் புதிதாக வைத்த வாழைக்கன்றுகள் இடுப்புயரத்துக்கு வந்திருந்தன.

"என்னோடது இருந்துச்சு."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. இருந்துச்சுன்னு நான் வச்சுக்குவேன். ஜெபக்கனி வெரல நகத்தி எடம் விட்டாள்லா? அது வெறும் எடமாப் போயிரக் கூடாது."

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து ஜெபக்கனி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் ஒதுங்கிட்டீங்க? பொரி தீந்துரும். புடிங்க."

நம்பிராசன் வலது கையை நீட்டி வாங்கினார். வலது கையாலேயே அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தங்கையிடம் மெதுவாகச் சொன்னார். "அடுத்த வருஷம் நயினார் அண்ணாச்சிகிட்ட சொல்லிரு. சாமிக்கு நாலு மூலை போதும்."

அவ்வளவுதான். ஆலடிப்பேரியில் இன்றுவரைக்கும் பத்துப் பேர்தான் விரல் வைக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படிப் பல கைகள் சேர்ந்து செய்து, எது யாருடைய கை என்று கடைசிவரைக்கும் தெரியாமலே போன காரியம் ஏதாவது இருக்கும். நல்லதோ, கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் மட்டும் போடவேண்டாம்.